நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளுக்குப் பழக்கூடையும் போர்வையும் கொடுப்பவர்களின் படங்கள் உங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன வருடம் என் தோழியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களுக்குப் பிறகு, அந்தப் படங்களில் என் கண் போகும் இடமே மாறிவிட்டது. கொடுக்கிற பொருளை விட்டுவிட்டு வாங்குகிற கையைப் பார்க்கிறேன். ஊசி எந்தக் கையில் ஏறியிருக்கிறது, அந்த விரல்களால் ஒரு பொட்டலத்தைப் பிரிக்க முடியுமா, கொடுத்தவர் போன பிறகு அந்தப் பை எங்கே போய்ச் சேரும் என்றெல்லாம் யோசனை ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். இடமில்லாமல் சுருக்கினாலும், தோழி சொன்னவற்றை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தையல் வேலை செய்பவள். 31 வருடமாக மிஷின் மிதிக்கிறேன். தோழியும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அவளுக்கு வந்தது லிம்ஃபோமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் 6 தடவை. இரண்டாவது தடவை ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்து, வார்டிலேயே பல நாள் தங்கும்படி ஆகிவிட்டது. நான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு தினமும் சாயங்காலம் போய்விடுவேன்.

முதல் நாள் பெரிய பூங்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே சிஸ்டர் நிறுத்திவிட்டார். "பூ உள்ளே வரக் கூடாதும்மா" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டுப் பொறுமையாகக் காரணம் சொன்னார். கீமோ மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுமாம். பூ வைத்த தண்ணீரிலும் தொட்டிச் செடியின் மண்ணிலும் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நம்மை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் கிடப்பவர்களுக்கு அதுவே தொற்றாக மாறி நுரையீரல் வரை போய்விடலாம். அவர் சொல்லி முடித்தபோது, கையிலிருந்த பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளுக்கு ஆசையாகக் கொண்டுவந்ததே அவளுக்கு ஆபத்தாகியிருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு முழுக்க என்னை விடவில்லை.

பூவே தப்பு என்று நான் சொல்லவில்லை. செவிலியர் பணிக்கு முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், தான் உடம்பு முடியாமல் இருந்தபோது ஒரு காட்டுப்பூக் கொத்து வந்ததையும், அந்த நிமிடத்திலிருந்து உடம்பு வேகமாகத் தேறியதையும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். கால் எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்குப் பூ மனசுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் வார்டுக்கு வார்டு விதி வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய் வார்டிலும் பெரும்பாலும் விட மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் வார்டுக்கோ வீட்டாருக்கோ ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, நமக்குத் தெரிந்த தொழிலில் ஏதாவது செய்வோம் என்று ஒரு சட்டை தைத்தேன். டாக்டர் வந்து பார்க்க வசதியாக முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, மெல்லிய பருத்தித் துணியில், 9 சின்ன பட்டன். ஒவ்வொரு காஜாவையும் கையாலேயே போட்டேன். என் வேலையிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். அவளுக்கு நிறம் பிடித்திருந்தது. உடனே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி முதல் பட்டனைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். பட்டனைப் பார்த்துக்கொண்டே, அது தன் விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவள் மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் வின்கிறிஸ்டின் என்று ஒன்று உண்டு. அது நரம்புகளைப் பாதித்து விரல் நுனியை மரத்துப்போக வைக்கும். "ஒரு பட்டன்கூட என்னால போட முடியலடீ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் இல்லாத அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தச் சட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். காஜாவை எல்லாம் மூடித் தைத்து, அதற்கு மேலேயே பட்டன்களை அழகுக்காக வைத்து, உள்பக்கம் வெல்க்ரோ பட்டி கொடுத்தேன். பார்ப்பவர்களுக்குப் பட்டன் போட்ட சட்டை. அவளுக்கு உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அதற்கப்புறம்தான் சட்டைக்கை என் கண்ணில் பட்டது. இடது கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டையை மாற்ற வேண்டுமானால், மருந்துப் பையையும் குழாயையும் சட்டைக்கை வழியே நுழைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஊசி இழுபட்டால் உயிர் போகிற வலி. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மேல் தையலைப் பிரித்து அங்கேயும் வெல்க்ரோ வைத்தேன். முதலில் உலோக பிரஸ் பட்டன்தான் வைக்கலாம் என்றிருந்தேன். ஸ்கேனுக்குப் போகும்போது உலோகம் இருக்கிற உடையைக் கழற்றச் சொல்வார்கள் என்று சிஸ்டர் சொன்னதால் அந்த எண்ணத்தை விட்டேன். இப்படி மூன்று சட்டை. தைக்கத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், ஒரு பழைய சட்டையில் செய்து பாருங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

முடி உதிர ஆரம்பிப்பது பெரும்பாலும் முதல் மருந்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு. முடி போன தலை தொட்டாலே வலிக்கும் என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கடையில் கிடைக்கிற குல்லாக்களில் தையல் மடிப்பு உள்பக்கம் இருக்கும், அது நெற்றியில் கோடு போட்ட மாதிரி உறுத்தும். பனியன் துணியில் மடிப்பை வெளிப்பக்கம் திருப்பித் தைத்து, புதுத் துணியின் விறைப்புப் போக இரண்டு தடவை துவைத்துக் கொடுத்தேன். கம்பளிக் குல்லா ஒன்று ஏற்கெனவே வந்திருந்தது. அன்போடு யாரோ பின்னிக் கொடுத்தது. அரிப்பு தாங்காமல் அவள் அதைத் தலையில் வைக்கவே இல்லை.

இப்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் கீழ்த் தட்டைத் திறந்தால் வாசனைதான் முதலில் வரும். வாசனை சோப், வாசனை கிரீம், ஒரு சென்ட் பாட்டில், இரண்டு வாசனை மெழுகுவர்த்தி. எல்லாம் பார்க்க வந்தவர்கள் கொடுத்தவை. கீமோ எடுப்பவர்களுக்கு வாசனை என்பதே குமட்டலைக் கிளப்பும் விஷயம். மெழுகுவர்த்தியை ஆக்சிஜன் ஓடுகிற வார்டில் பற்றவைக்கவே முடியாது. அவள் ஒருநாள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, "எல்லாம் நல்லா ஆனதுக்கப்புறம் எடுத்துக்கிறேன்னு வெச்சிருக்கேன்" என்றாள். கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை.

அவள் உண்மையில் தேடியது வாசனையே இல்லாத ஒரு உதட்டுத் தைலம். வாய் முழுக்கப் புண், உதடு வெடித்து ரத்தம் கசியும். மிக மெல்லிய இழை கொண்ட பிரஷ், ஆல்கஹால் கலக்காத வாய் கொப்பளிக்கும் திரவம், இவ்வளவுதான் அந்த நாட்களில் அவளுக்குப் பெரிய விஷயம். இதிலும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியானவற்றைத் தவிர்த்து, தண்ணீர் அடிப்படையில் செய்ததைத் தடவுவதே பாதுகாப்பு என்று எனக்கு விளக்கினார். பழக்கூடையும் அப்படியே. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் அதிகமுள்ள பழங்கள் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருப்பவர் முன்னால் கூடையை வைத்துவிட்டு வருவது எவ்வளவு கொடுமை என்பதை எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு பெண்ணின் முகத்தில் பார்த்தேன்.

நான் கொண்டுபோனவற்றிலேயே எது உதவியது என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். சட்டையைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது ஒரு துணிப்பை. மீந்த துணியில் அரை மணி நேரத்தில் தைத்தது, கட்டிலின் பக்கக் கம்பியில் பட்டியைச் சுற்றி மாட்டுகிற மாதிரி, நான்கு அறை வைத்தது. ஒன்றில் மூக்குக்கண்ணாடி, ஒன்றில் போன், ஒன்றில் உதட்டுத் தைலம், ஒன்றில் பேனாவும் சின்ன நோட்டும். அதற்கு முன்னால் இவை எல்லாம் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும், புரண்டால் கீழே விழும். குனிந்து எடுக்க முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடத் தயக்கமாக இருக்கும், சிஸ்டர் ஓடிக்கொண்டிருப்பார். கண்ணாடி கட்டிலுக்குக் கீழே கிடக்க, இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் படுத்திருந்ததை அவள் சொன்னபோதுதான், அவள் கணவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை என்பது புரிந்தது. "இந்தப் பை வந்த பிறகு ஒரு நாளைக்கு 20 தடவை யாரையாவது கூப்பிடறது நின்னுச்சு" என்றாள். அந்த நோட்டும் அப்படித்தான் பயன்பட்டது. காலையில் டாக்டர் வந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுவார், கேட்க நினைத்தது அத்தனையும் மறந்துபோகும். ராத்திரி தோன்றும்போதே எழுதிவைத்துவிட்டுக் காலையில் வாசித்துக் கேட்டாள். மரத்த விரலுக்கு மெல்லிய பேனா பிடிபடவில்லை என்றதும், பேனாவைச் சுற்றித் துணி நாடாவைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். படுக்கையில் இருப்பவர் சாப்பிடுவது, குளிப்பது, கழிவறை போவது எல்லாம் அடுத்தவர் நேரத்தில்தான். அப்படி இருக்கும்போது தன் கண்ணாடியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆரோக்கியமாக இருக்கிற நாம் யோசிப்பதே இல்லை.

இதே கணக்கில் சேர்கிற இன்னொன்று நீளமான சார்ஜர் வயர். பிளக் பாயின்ட் கட்டிலுக்குத் தலைமாட்டில் சுவரோடு இருக்கும். போனோடு வரும் வயர் எட்டவே எட்டாது.

அப்புறம் ராத்திரி. மருந்தோடு சேர்த்து ஒவ்வொரு தடவையும் 5 நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். ராத்திரி 2 மணிக்கு விழித்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புவாள். வார்டில் ராத்திரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி. அது கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. நடைமுறையில் மானிட்டர் கூவுவதும் டிராலி சக்கரம் கிறீச்சிடுவதும் பக்கத்துக் கட்டில் இருமலும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று வார்டில் தங்கியவர்களுக்குத் தெரியும். சிஸ்டர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை, அவர்கள் வேலை அப்படி. பஞ்சு மாதிரி மிருதுவான காதடைப்பான் ஒரு ஜோடியும் கண்ணை மூடும் பட்டையும் கொடுத்தோம். கடையில் வாங்கிய பட்டையின் எலாஸ்டிக் முடியில்லாத தலையில் வடு ஏற்படுத்தியது. இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய துணியைச் சுற்றித் தைத்த பிறகுதான் போட்டுக்கொள்ள முடிந்தது. தூக்கம் முழுசாக வரவில்லை. ஆனால் 2 மணிக்கு வந்துகொண்டிருந்த செய்திகள் குறைந்தன.

பக்கத்துக் கட்டிலில் 70 வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். பகலெல்லாம் தெளிவாகப் பேசுவார். சாயங்காலம் ஆனதும் இது எந்த இடம், விடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார், சில சமயம் எழுந்து கிளம்பப் பார்ப்பார். பார்க்க வருபவர்கள் அவருக்குப் புத்தி பிசகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மருத்துவமனையில் தங்கும் முதியவர்களுக்கு அடிக்கடி வரும் தற்காலிகக் குழப்பம் இது என்று சிஸ்டர்தான் சொன்னார். பெரிய எண்கள் தெரிகிற கடிகாரம் ஒன்றும் தேதி காட்டும் அட்டை ஒன்றும் கொண்டுவந்து, அவர் கண்ணுக்கு நேரே வைத்தேன். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்த அவருடைய காது கேட்கும் கருவியை மகன் எடுத்துவந்தார். மூன்று நாளில் அந்தக் கேள்விகள் வெகுவாகக் குறைந்தன. நோய் குணமாகிக்கொண்டு வந்ததும் ஒரு காரணமாக இருக்கும், கடிகாரத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் படித்தபோது ஒன்று தெரிந்தது. அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை வைத்து நடத்தி 1999இல் வெளியான ஆய்வு அது. நாள், இடம் நினைவூட்டுவது, கண்ணாடியும் காது கருவியும் கையில் இருப்பது, நடமாட வைப்பது, ராத்திரி தூங்க விடுவது போன்ற சாதாரண விஷயங்களைக் கவனமாகச் செய்ததில் இந்தக் குழப்பம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்களாம். வயதானவரைப் பார்க்கப் போகிறவர்கள் வேறெதுவும் தோன்றாவிட்டால் ஒரு கடிகாரம் கொண்டுபோகலாம். டிக் டிக் சத்தம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

தோழி பார்த்துக்கொண்டு கிடந்தது ஜன்னல் இல்லாத சுவர் என்று முன்பே சொன்னேன். ரோஜர் உல்ரிக் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னலைப் பரிசாகக் கொடுக்க முடியாதே. அதனால் நான் வேலை செய்யும் இடத்துக்கு எதிரே நிற்கிற மரத்தைத் தினமும் காலையில், ஒரே இடத்தில் நின்று, போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். முதல் வாரம் பதிலே வராது. அப்புறம் ஒருநாள், "இன்னிக்கு கீழ் கிளையில ஒரு துணி மாட்டியிருக்கே, யாருது?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலியைத் தவிர வேறு ஏதோ ஒன்றைப் பற்றி அவள் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதன்பின் ஒருநாள்கூட அந்தப் படத்தை அனுப்ப நான் மறக்கவில்லை. இதற்குப் பணமே வேண்டாம், உறவு தூரத்தில் இருந்தாலும் செய்யலாம்.

கூடவே இருப்பவரையும் யாராவது பார்க்க வேண்டும். அவள் கணவர் வாரக்கணக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நான் சாயங்காலம் போனதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், 2 மணி நேரம் தூங்கிவிட்டு வருவார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இப்போது முதலில் சொன்ன படங்களுக்கு வருகிறேன். ஒருநாள் ஒரு குழுவினர் பரிசுப் பொட்டலங்களோடு வார்டுக்கு வந்தார்கள். யார் என்று சொல்ல விரும்பவில்லை, மனசு நல்லவர்கள்தான். ஒவ்வொரு கட்டிலாக வந்து பொட்டலத்தை நீட்டி, நோயாளியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படமெடுத்தார்கள். தோழி அப்போதுதான் குல்லாவைக் கழற்றிவைத்திருந்தாள். கேமராவைப் பார்த்ததும் மரத்த விரல்களால் குல்லாவைத் தேடினாள், கிடைக்கவில்லை, போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுத்தான் போனார்கள், உள்ளே நல்ல துண்டு ஒன்று இருந்தது. அவள் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

ஆசிரியருக்கு என் கோரிக்கை இது. இப்படிப்பட்ட செய்திகளை வெளியிடும்போது நோயாளியின் முகம் தெரியாத படங்களை மட்டும் போடுங்கள். கொடுக்கிறவர்கள் படம் போட்டுக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. மருத்துவமனைகளை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வார்டு வாசலிலும், இங்கே என்னென்ன கொண்டுவரலாம், என்னென்ன கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். வரவேற்பு மேஜையில் கேட்டாலும் அதையே சொல்லட்டும். பூங்கொத்தோடு வாசலில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கும், அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கும் சிஸ்டர்களுக்கும் அது உதவியாக இருக்கும். மொத்தமாகக் கொடுக்க நினைக்கும் குழுக்கள் பொருள் வாங்குவதற்கு முன்பே வார்டு பொறுப்பு சிஸ்டரைப் பார்த்து, பார்க்க யாருமே வராத நோயாளி எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டால் நல்லது. நான் கேட்டபோது அவர் யோசிக்காமல் சொன்னது, வழுக்காத செருப்பு. இது வரை அதை யாரும் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை.

கட்டில் பையை இதுவரை 40க்கு மேல் தைத்துக் கொடுத்துவிட்டேன். வெந்நீரில் துவைக்கத் தாங்குகிற துணியாகப் பார்த்துத் தைக்கிறேன்.

தோழிக்கு 6 தடவையும் முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கிறாள், முடி குட்டையாக முளைத்திருக்கிறது. மரத்துப்போன விரல்கள் மெதுவாகத்தான் திரும்பி வருகின்றன, மாசக்கணக்கு ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அந்த முதல் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு, காஜாவைத் திறந்து, 9 பட்டனையும் பழையபடி வைத்துக் கொடு என்றாள். நேற்று ராத்திரி உட்கார்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 4 காஜா முடிந்திருக்கிறது, மீதியை இன்றைக்கு முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி